மூசைக்குள் நடந்தது என்ன? சேலத்தில் தொடங்கி லண்டன் கோர்ட்டு வரை ஒரு மாங்கனீசுக் கதை

மலர்க் குழு நண்பர் போனில் பிடித்துக்கொண்டார். "சார், வந்த கட்டுரை எல்லாமே ஹாஸ்டல் மெஸ், ஸ்ட்ரைக், டூர் போனது இப்படியே இருக்கு. நீங்களாவது சப்ஜெக்டைத் தொட்டு ஒண்ணு எழுதிக் கொடுங்க. வரலாறு மாதிரி இருந்தா நல்லது. ஆனா கணக்கு வேண்டாம்" என்றார். ஒப்புக்கொண்டேன். கணக்கு வேண்டாம் என்ற நிபந்தனையை மட்டும் என்னால் முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை. கடைசியில் ஒரு சின்னக் கூட்டல் கழித்தல் வரும். மற்றப் பிரிவு நண்பர்கள் அந்தப் பாராவைத் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உலோகவியல் பிரிவுக்காரர்களுக்கு நம் மூன்றாம் வருட வகுப்பறை நினைவிருக்கும். கரும்பலகைக்குப் பக்கத்தில், ஓரம் கிழிந்துபோய் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பெரிய வரைபடம் தொங்கும். அதுதான் எல்லிங்ஹாம் வரைபடம். கீழே வெப்பநிலை, பக்கவாட்டில் கட்டிலா ஆற்றல், குறுக்கே சாய்சாய்வாகக் கோடுகள். தாமிரம் மேலே, இரும்பு நடுவில், மாங்கனீசு அதற்குக் கீழே, சிலிகான், அலுமினியம் இன்னும் கீழே. எல்லாக் கோடும் வலப்பக்கம் ஏறிப் போகும்போது கார்பன் கோடு மட்டும் இறங்கி வரும். தெர்மோ எடுத்த எங்கள் சார் ஒரு நாள் பிரம்பை அந்த மாங்கனீசுக் கோட்டில் வைத்து ஒருவனை எழுப்பினார்.

"கார்பன் இதை எங்கப்பா வெட்டுது?"

"ஆயிரத்து நானூறைத் தாண்டி, சார்."

"ம். இது தெரியாததாலதான் ஒரு மனுஷன் கோர்ட்டுல தோத்தான். அவன் நம்ம ஊர்ல இரும்பு காய்ச்சினவன், தெரியுமா?"

பெல் அடித்துவிட்டது. சார் சாக்பீஸைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். யார் அந்த ஆள் என்று கேட்க எவனுக்கும் தோன்றவில்லை, கேன்டீனில் வடை தீர்ந்துவிடும் என்ற கவலைதான் பெரிதாக இருந்தது. வேலைக்குப் போய்ப் பல வருடம் கழித்து ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டும்போதுதான் அந்த ஆளைக் கண்டுபிடித்தேன். அவர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத்.

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர். சேலத்தில் கம்பெனியின் வணிகப் பிரதிநிதியாக வேலை. சேலத்துக்காரர்களுக்குக் கஞ்சமலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மலை முழுக்கக் காந்த இரும்புத் தாது. அந்தக் காலத்தில் சேலம் வட்டாரத்தில் கொல்லர்கள் மண் மூசையில் உருக்கு செய்துகொண்டிருந்தார்கள். வெளிநாட்டார் அதை வூட்ஸ் என்று சொல்வார்கள். மூசை என்றால் வேறொன்றுமில்லை, தட்டான் பட்டறையில் பார்த்திருப்பீர்களே, அந்தக் குகைதான், கொஞ்சம் பெரியது. அதற்குள் தேனிரும்புத் துண்டைப் போட்டு, கூடவே ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, மேலே பச்சை எருக்க இலையை வைத்து, களிமண்ணால் வாயை அடைத்து, துருத்தி வைத்து ஊதுவார்கள். குச்சியும் இலையும் கருகிக் கரியாகி, கரி இரும்புக்குள் ஏறி, உள்ளே உருக்கு உருண்டை தயாராகிவிடும். ஹீத் இதை உட்கார்ந்து பார்த்து எழுதிவைத்திருக்கிறார். லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியின் இதழில் 1839ல் அந்தக் கட்டுரை வந்தது. எகிப்தியர் கருங்கல் தூண்களில் எழுத்துச் செதுக்கிய உளிகூட இந்திய உருக்காகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் வாதாடுகிறார். அது கொஞ்சம் அதிகம்தான்! ஆனால் மனுஷனுக்கு நம் உருக்கின் மேல் எவ்வளவு மயக்கம் என்பது தெரிகிறது.

அந்த மயக்கத்தில் 1825ல் அரசாங்க வேலையையே விட்டுவிட்டார். 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஆங்கிலேய முறைப்படி ஊது உலை கட்டினார். இன்று பரங்கிப்பேட்டை என்றால் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையமும் நண்டும்தான் நினைவுக்கு வரும். இந்தியாவில் மேல்நாட்டு முறையில் பெரிய அளவில் இரும்பு காய்ச்சிய முதல் இடங்களில் ஒன்று அது. தாது சேலத்திலிருந்து வர வேண்டும், எரிபொருள் மரக்கரி. தாது ஒரு பக்கம், உலை ஒரு பக்கம், காடு ஒரு பக்கம் என்றால் எந்தக் கம்பெனி தாங்கும்? கம்பெனி அரசாங்கம் கடன் கொடுத்தது, சலுகை கொடுத்தது, பங்குதாரர்கள் வந்தார்கள் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் எல்லாம் மூடியாகிவிட்டது. அந்த நஷ்டக் கதை தனியாக ஒரு கட்டுரைக்கு ஆகும், இங்கே வேண்டாம். ஹீத் பரங்கிப்பேட்டை இரும்பை இங்கிலாந்தில் உருக்கு நகரமான ஷெஃபீல்டுக்கு அனுப்பினார், பிறகு தானே அங்கே போய்ச் சேர்ந்தார்.

அங்கேதான் மாங்கனீசு வருகிறது.

மாங்கனீசைத் தனிமம் என்று கண்டது ஸ்வீடனில், 1774ல். ஷீலே அது புதிய உலோகம் என்று சொன்னார், கான் அதே வருடம் தாதுவைக் கரியோடு காய்ச்சிப் பிரித்தெடுத்தார். அதற்கு முன்பே கண்ணாடிக்காரர்களுக்கு அந்தக் கறுப்புத் தாதுவைத் தெரியும், கண்ணாடியின் பச்சை நிறத்தைப் போக்க ஒரு சிட்டிகை போடுவார்கள். இரும்பில் போட்டால் என்ன ஆகும் என்று பலர் முயன்றிருந்தாலும், அதைத் தொழிலாக்கியவர் ஹீத். 1839 ஏப்ரலில் ஒரு பேட்டன்ட் எடுத்தார். விஷயம் எளிது: மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனியாகக் காய்ச்சி 'மாங்கனீசு கார்பரெட்' என்ற ஒரு உலோகக் கட்டியைத் தயாரிக்க வேண்டும். இன்றைய பேச்சில் சொன்னால் ஏறக்குறைய நம் ஃபெர்ரோ மாங்கனீசுக்குத் தாத்தா. அதை 100க்கு 1 முதல் 3 பங்கு வரை உருக்கு மூசையில் போட வேண்டும். போட்டால், அதுவரை ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கிய பிரிட்டிஷ் இரும்பிலிருந்தே நல்ல உருக்கு வரும், அந்த உருக்கு இரும்போடு பற்றாகப் பிடிக்கும். ஷெஃபீல்டு கத்திக்காரர்களுக்கு இது லாட்டரி அடித்த மாதிரி! அதுவரை ஸ்வீடன் இரும்பை அதிக விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஹீத் கார்பரெட்டைப் பொட்டலம் கட்டி விற்றார். விற்பனைக்கு ஆன்வின் என்று ஒரு ஏஜென்ட். கொஞ்ச நாளில் ஹீத்துக்கே இன்னொரு யோசனை வந்தது. கார்பரெட்டைத் தனியாக ஏன் காய்ச்ச வேண்டும்? மாங்கனீசு ஆக்சைடையும் தாரையும் நேரே உருக்கு மூசையிலேயே போட்டுவிட்டால் உள்ளேயே அது தயாராகிவிடாதா? போட்டுப் பார்த்தார், வேலை செய்தது, செலவும் மிகக் குறைவு. நல்ல மனுஷன், அதை ஆன்வினிடமும் சொல்லிவிட்டார். பேட்டன்டைத் திருத்தி எழுதவில்லை.

இந்த இடத்தில் என் சொந்த ஊகம் ஒன்று, ஆதாரம் கேட்காதீர்கள். இரும்பையும் ஆவாரங்குச்சியையும் ஒரே மூசையில் போட்டு வாயை மூடும் கொல்லரைச் சேலத்தில் அவர் பார்த்திருக்கிறார். கரியைத் தனியாகச் செய்து, பிறகு இரும்பில் ஏற்றும் வேலையெல்லாம் அந்தக் கொல்லருக்கு இல்லை, எல்லாம் ஒரே பானைதான். ஷெஃபீல்டில் அந்த யோசனை வந்தபோது அவர் கண்ணுக்கு முன்னால் எந்தப் பானை நின்றிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஆன்வின் என்ன செய்தார் தெரியுமா? தானே கடை போட்டார். ராயல்டி கேட்டபோது, "உங்க பேட்டன்ட்ல இருக்கறது கார்பரெட். நான் போடறது ஆக்சைடும் தாரும். இது வேற, அது வேற" என்று கையை விரித்தார். ஊரே அவர் பின்னால் போனது. ஹீத் வழக்குப் போட்டார். ஒரு கோர்ட்டில் தோல்வி, இன்னொன்றில் ஜெயம், மறுபடி மேல் கோர்ட்டு என்று 1840களில் ஆரம்பித்தது 1855ல் பிரபுக்கள் சபையில்தான் முடிந்தது. தீர்ப்பு ஹீத்துக்கு எதிராக. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை, சில வருடம் முன்பே கையில் காசில்லாமல் இறந்துபோயிருந்தார்.

வழக்கின் மையத்தில் இருந்த கேள்வியைக் கவனியுங்கள். மூடிய மூசைக்குள், உருக்கு இளகுவதற்கு முன்னால் ஆக்சைடும் கரியும் சேர்ந்து கார்பரெட் ஆகிறதா, அந்தக் கார்பரெட்தான் பிறகு உருக்கில் கலக்கிறதா? ஆமாம் என்றால் ஆன்வின் திருடியவர். இல்லையென்றால் நிரபராதி. வேதியியல் அறிஞர்கள் இரண்டு பக்கமும் கூண்டேறினார்கள். சிவக்கக் காய்ந்த மூசைக்குள் எட்டிப் பார்த்தவர் யாருமில்லை, அந்த வெப்பத்தை அளக்கும் கருவி சரியாக இல்லை, எந்த வெப்பத்தில் எது நடக்கும் என்று சொல்லும் எண்ணும் இல்லை. கார்னோ 1824ல் நீராவி எஞ்சின் பற்றி எழுதிவிட்டார், கிளாசியஸ் 1850ல் இரண்டாம் விதியைச் சொல்லிவிட்டார் என்பது உண்மை. ஆனால் கிப்ஸ் தன் பெரிய கட்டுரையை வெளியிடத் தொடங்கியது 1875ல். 'ஒரு வேதிவினை எந்தப் பக்கம் போகும்' என்று கணக்குப் போடவே வழியில்லாத காலத்தில் நீதிபதிகள் உட்கார்ந்து கட்டிலா ஆற்றல் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வழக்கு முடிந்த அடுத்த வருடமே மாங்கனீசு இன்னொரு பெரிய சண்டையில் மாட்டியது. 1856 ஆகஸ்டில் செல்டன்ஹாமில் நடந்த பிரிட்டிஷ் சங்கக் கூட்டத்தில் பெஸிமர் எழுந்து, எரிபொருள் இல்லாமலே உருக்கு செய்கிறேன், உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதினால் போதும் என்றார். உலகமே அதிர்ந்தது, லைசென்ஸ் வாங்க ஓடினார்கள். வாங்கியவர்கள் செய்த உருக்கு பழுக்கக் காய்ச்சி அடித்தால் உடைந்தது! ஆக்சிஜனும் கந்தகமும் செய்த வேலை. அதே செப்டம்பரில் ராபர்ட் மஷெட் என்பவர் பேட்டன்ட் எடுத்தார்: ஊதி முடித்தபின் ஸ்பீகெல் இரும்பைச் சேர்க்க வேண்டும். அது மாங்கனீசும் கார்பனும் நிறைந்த, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் ஜெர்மன் வார்ப்பிரும்பு. சேர்த்தார், உருக்கு சரியாகிவிட்டது. அப்படிச் செய்த தண்டவாளம் 1857ல் டெர்பி ஸ்டேஷனில் போடப்பட்டு, இரும்புத் தண்டவாளம் சில மாதத்தில் தேய்ந்துபோகிற இடத்தில் 1873 வரை கிடந்தது.

மஷெட்டின் பேட்டன்ட் 1859ல் காலாவதியானது. முத்திரைக் கட்டணம் 50 பவுன் கட்டவில்லை, அவ்வளவுதான் காரணம். 1866ல் மஷெட்டின் மகள் மேரி, பதினாறு வயசுப் பெண், தனியாக லண்டனுக்கு ரயிலேறிப் போய்ப் பெஸிமரின் முன்னால் நின்று, அப்பாவின் கண்டுபிடிப்பால்தானே நீங்கள் சம்பாதிக்கிறீர்கள் என்று கேட்டாள். பெஸிமர் வருஷத்துக்கு 300 பவுன் கொடுக்க ஒப்புக்கொண்டார். ஆனால் கண்டுபிடிப்பு மஷெட்டுடையது என்று மட்டும் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. தன் வரலாற்றில் அவர் யாரைக் காட்டுகிறார் தெரியுமா? ஹீத்தை! உருக்கில் மாங்கனீசு போடுவதை ஹீத் எப்போதோ ஊரறியச் செய்துவிட்டார், அது பொதுச் சொத்து என்பது அவர் வாதம். உயிரோடிருந்தபோது கிடைக்காத பெருமை ஹீத்துக்கு இப்படி வந்தது, அதுவும் இன்னொருவருக்குக் காசு கொடுக்காமலிருக்க.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹீத் மாங்கனீசை முதலிலேயே மூசையில் போட்டார், மஷெட் கடைசியில் போட்டார். ஏன்? மூசை மூடியிருக்கிறது, காற்று இல்லை. பெஸிமர் உலையில் காற்று அடிக்கிறது. ஆக்சிஜனோடு சேரும்போது ஒரு ஆக்சிஜன் அணுக்கூட்டுக்கு இரும்பு விடும் வெப்பம் சுமார் 64 கிலோகலோரி, மாங்கனீசு 92, சிலிகான் 109, அலுமினியம் 133. ஆகவே காற்றைப் பார்த்ததும் சிலிகானும் மாங்கனீசும் இரும்புக்கு முன்னால் எரிந்து கசடில் போய்விடும். முதலில் போட்ட மாங்கனீசு கடைசியில் இருக்காது. ஸ்வீடனில் கோரான்ஸன் 1858ல் பெஸிமர் முறையில் நல்ல உருக்கு எடுத்தாரே, அவருடைய வார்ப்பிரும்பில் இயற்கையாகவே மாங்கனீசு அதிகம், பாஸ்பரஸ் குறைவு. மஷெட்டுக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது, கைப்பழக்கம் சொன்னது, போட்டார்.

கந்தகத்துக்கும் இதே கணக்குதான். இரும்பு சல்பைடு உண்டாகும்போது 24 கிலோகலோரி, மாங்கனீசு சல்பைடுக்கு 51. இரண்டு மடங்கு! பக்கத்தில் மாங்கனீசு இருந்தால் கந்தகம் இரும்பை விட்டுவிட்டு அதனோடு ஒட்டிக்கொள்ளும். இரும்பும் இரும்பு சல்பைடும் சேர்ந்தால் 988 டிகிரி சென்டிகிரேடிலேயே உருகி, மணிகளின் இடுக்கெல்லாம் எண்ணெய் மாதிரிப் பரவும். அந்த நிலையில் சுத்தியல் விழுந்தால் இரும்பு உதிரும். மாங்கனீசு சல்பைடோ 1600க்கு மேல்தான் உருகும், தனித்தனி உருண்டையாக நின்றுவிடும்.

இதை நான் புத்தகத்தில் கற்றதைவிட வார்ப்பாலையில் கற்றதுதான் அதிகம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு ஹீட் முழுக்க வெடித்துப்போனது, அத்தனை காஸ்டிங்கிலும் மூலைக்கு மூலை விரிசல். அந்த லாரி ஸ்கிராப்பில் கந்தகம் அதிகமுள்ள லேத்துச் சுருள் கலந்திருந்ததை நான் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது. உலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் விரிசலை விரலால் தடவிவிட்டு, "கந்தகம் தம்பி. மாங்கனீஸ் பத்தல. ஒண்ணே முக்கால் மடங்கு போட்டு அதுக்கு மேல கொஞ்சம் தூக்கிப் போடணும்" என்றார். "அது என்னண்ணே ஒண்ணே முக்கால்?" என்றேன். "யாருக்குத் தெரியும், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னாரு." வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தேன். மாங்கனீசின் அணு எடை 55, கந்தகம் 32. வகுத்தால் 1.7! வார்ப்பிரும்புக்காரர்கள் எல்லாரும் வைத்திருக்கும் சூத்திரம், கந்தகத்தை 1.7ஆல் பெருக்கி 0.3ஐக் கூட்டு என்பது. தெர்மோ பேப்பரில் நான் வாங்கிய மார்க்கை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

டைட்டானிக் படம் பார்த்த மாணவர்களுக்கு ஒரு செய்தி. அந்தக் கப்பலின் தகட்டைக் கடலடியிலிருந்து எடுத்துச் சோதித்தார்கள். மாங்கனீசு 0.47 சதவீதம், கந்தகம் 0.069. விகிதம் ஏழுகூட இல்லை. இன்றைய கப்பல் தகட்டில் இது பல மடங்கு இருக்கும். கப்பலை முட்டியது பனிப்பாறைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் குளிர்ந்த தண்ணீரில் அந்தத் தகடு நொறுங்கும் குணம் கொண்டதாக இருந்ததற்கு இந்த விகிதமும் ஒரு காரணம் என்று 1998ல் எழுதினார்கள்.

ஷெஃபீல்டிலேயே 1882ல் ஹாட்ஃபீல்டு என்ற இளைஞர் 12, 13 சதவீதம் வரை மாங்கனீசைக் கொட்டிப் பார்த்ததையும் சொல்லாமல் விடக்கூடாது. அதற்குக் குறைவாக, ஐந்தாறு சதவீதம் போட்டவர்களுக்கெல்லாம் பீங்கான் மாதிரி உடைந்தது, ஆகவே விட்டுவிட்டார்கள். இவர் விடாமல் மேலே போனார். தண்ணீரில் முக்கினால் கெட்டிப்படாமல் இளகுகிற, அடிக்க அடிக்க இறுகுகிற, காந்தம் ஒட்டாத ஒரு எஃகு கிடைத்தது. நம் ரயில்வே நண்பர்கள் சி.எம்.எஸ். கிராஸிங் என்று தினமும் சொல்கிறார்களே, அந்த எஃகுதான் அது.

தாதுக்கு உலகம் நம் பக்கம் திரும்பியதும் இதற்குப் பிறகுதான். அன்றைய மதராஸ் மாகாணத்தில் விஜயநகரம் பக்கம் 1892ல் மாங்கனீசு வெட்டத் தொடங்கினார்கள். பிறகு பாலாகாட், நாகபுரி என்று பரவியது. இந்தியப் புவியியல் துறையின் ஃபெர்மர் 1909ல் இந்திய மாங்கனீசுத் தாது பற்றி மட்டும் ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதி வைத்தார். நாம் தாதுவைக் கப்பலேற்றினோம், அவர்கள் எஃகு செய்தார்கள்.

சரி, எண்கள் எப்போது வந்தன? இதில் பெரிய வீரதீரம் எதுவுமில்லை, பொறுமை மட்டும்தான். ஒரு பொருளின் கட்டிலா ஆற்றல் வேண்டுமென்றால் அதன் உருவாதல் வெப்பமும் என்ட்ரோபியும் தெரிய வேண்டும். வெப்பத்துக்குச் சுத்தமான உலோகத்தைக் கலோரிமீட்டரில் எரிக்க வேண்டும் அல்லது அமிலத்தில் கரைக்க வேண்டும். என்ட்ரோபிக்குப் பொருளை மிக ஆழமாகக் குளிரவைத்து, அங்கிருந்து படிப்படியாகச் சூடேற்றி, வெப்ப ஏற்புத்திறனை அளந்துகொண்டே வர வேண்டும். மாங்கனீசு இதிலும் சண்டிமாடுதான். உலோகம் சுத்தமாகக் கிடைப்பது கஷ்டம். காய்ச்சினால் ஆவியாகப் பறக்கும். அறை வெப்பத்திலிருந்து உருகும் 1246 டிகிரிக்குள் நான்கு வித உருவம் எடுக்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் வெப்பம் தனி. முதல் உருவத்தின் ஒரு படிகக் கூட்டில் மட்டும் 58 அணு! ஆக்சைடோ நான்கு: டை ஆக்சைடு, மூன்றுக்கு இரண்டு, நான்குக்கு மூன்று, கடைசியில் மாங்கனஸ் ஆக்சைடு.

1928ல் மில்லர் என்பவர் இந்த ஆக்சைடுகளைக் குளிரவைத்து அளந்துகொண்டு வந்தபோது, மாங்கனஸ் ஆக்சைடில், பூஜ்யத்துக்கு 150 டிகிரிக்கும் கீழே, கோடு திடீரென்று கோபுரம் மாதிரி எழுந்து இறங்கியது. ஏனென்று தெரியவில்லை, எழுதிவைத்தார். 1949ல் ஷல், ஸ்மார்ட் இருவரும் நியூட்ரான் கற்றையால் பார்த்து, அந்த இடத்தில் அணுக்காந்தங்கள் மாறிமாறி எதிரெதிராக அணிவகுக்கின்றன என்று காட்டினார்கள். இந்த நியூட்ரான் முறைக்காக ஷல்லுக்கு 1994ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. என்ட்ரோபி அட்டவணைக்காகப் பனிக்குளிரில் உட்கார்ந்து அளந்த ஒரு மேடு காந்தவியலுக்கு வாசல் திறந்தது பாருங்கள்.

அமெரிக்க அரசின் சுரங்கத் துறையில் கெல்லி என்பவர் 1930களிலிருந்து உலோகவியலுக்கு வேண்டிய இந்த எண்களையெல்லாம் தொகுத்து வெளியிட்டு வந்தார். ஜெர்மனியில் கோர்பரும் ஓல்ஸனும் 1933ல் உருகிய இரும்பு, கசடு இரண்டுக்கும் நடுவே மாங்கனீசும் சிலிகானும் எப்படிப் பங்குபோடுகின்றன என்று அளந்தார்கள். 1944ல், போர் நடந்துகொண்டிருக்கும்போது, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் எல்லிங்ஹாம் நம் வகுப்பறைச் சுவருக்கு வந்த அந்தப் படத்தை வெளியிட்டார். 1948ல் ரிச்சர்ட்சனும் ஜெஃப்ஸும் அதை இரும்பு எஃகுத் தொழிலுக்கென்று விரிவாக்கினார்கள். மாங்கனீசுக்கென்றே தனியாக, உலோகம், ஆக்சைடு, சல்பைடு, கார்பைடு என்று எல்லாச் சேர்மத்தின் எண்களையும் சரிபார்த்து ஒரே அறிக்கையாகத் தந்தவர் அதே சுரங்கத் துறையின் ஆல்லா மா. வருடம் 1960. முழுக்க அட்டவணைதான். அந்தத் துறையையே 1996ல் மூடிவிட்டார்கள். அட்டவணைகள் மட்டும் இன்று நம் பிள்ளைகள் ஓட்டும் கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்குள் ஏதோ ஒரு வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது அந்த எண்களை எடுத்துக்கொண்டு 1855 கோர்ட்டுக்குப் போவோம். கணக்கு வேண்டாதவர்கள் அடுத்த பாராவைத் தாண்டலாம்.

ஒரு மூலக்கூறு எடை மாங்கனஸ் ஆக்சைடு உண்டாக, கட்டிலா ஆற்றல் சுமார் கழித்தல் 92,000 கூட்டல் 17.4 பெருக்கல் வெப்பநிலை, கலோரியில். கார்பன் மோனாக்சைடுக்குக் கழித்தல் 26,700 கழித்தல் 21 பெருக்கல் வெப்பநிலை. இரண்டையும் சமமாக்கினால் வெப்பநிலை 1,700 கெல்வின், அதாவது 1,430 டிகிரி சென்டிகிரேடு பக்கம். சுத்த மாங்கனீசு கிடைக்க இவ்வளவு சூடு வேண்டும். கார்பைடாகச் சேர்வதென்றால் கொஞ்சம் கீழேயே போதும், ஏனென்றால் கார்பைடு ஆவதிலும் சிறிது ஆற்றல் கிடைக்கிறது. இளகிய உருக்கில் ஒன்றிரண்டு சதவீதமாகக் கரைவதென்றால் இன்னும் நூறு, இருநூறு டிகிரி கீழே.

மூசையில் என்ன நடக்கும்? கறுப்பு டை ஆக்சைடு சூடேறும்போதே ஆக்சிஜனை விட்டு விட்டு, சிவக்கும் சூட்டிலேயே மாங்கனஸ் ஆக்சைடு வரைக்கும் இறங்கிவிடும். அதில் எந்தத் தகராறும் இல்லை. அதற்கப்புறம் நிற்கும். கரி வாயுவால் அதை அசைக்க முடியாது, கரியே நேராகத் தொட வேண்டும், சூடும் 1,300ஐத் தாண்டிப் போக வேண்டும். ஒரு சதவீதக் கார்பன் உருக்கு எப்போது இளகத் தொடங்கும்? 1,350 பக்கம்! முழுதாக உருகுவது 1,460 பக்கம். அதாவது கார்பரெட் பிறக்கும் சூடும் உருக்கு இளகும் சூடும் தோளோடு தோள் உரசுகின்றன. ஹீத்தின் சாட்சிகள் சொன்னதுபோல் முதலில் கார்பரெட் பிறந்து பிறகு கலந்திருக்கலாம். ஆன்வின் தரப்பு சொன்னதுபோல், கார்பரெட் என்று தனியாக ஒன்று பிறக்காமலே, இளகிய உருக்கின் விளிம்பில் மாங்கனீசு நேரே உள்ளே கரைந்திருக்கலாம். அநேகமாக ஒரே பானையில் இரண்டும் நடந்திருக்கும், மேலே ஒன்று, அடியில் ஒன்று.

கடைசியில் வெளியே வந்த உருக்கு? இரண்டு வழியிலும் ஒன்றேதான். நம் சார் வகுப்பில் நூறு தடவை சொல்வாரே, "ஆரம்ப நிலை, இறுதி நிலை, அவ்வளவுதான்யா தெர்மோ. நடுவுல பஸ்ல வந்தியா நடந்து வந்தியான்னு அது கேக்காது" என்று. கோர்ட்டு கேட்டது அதைத்தான், பஸ்ஸில் வந்ததா நடந்து வந்ததா என்று. இன்றைக்கு அதே வழக்கு வந்து, அத்தனை அட்டவணையையும் மேசையில் பரப்பினாலும், ஹீத் சொன்னபடி நடக்க முடியும் என்பதை எண்களால் நிரூபிக்கலாம், அப்படித்தான் நடந்தது என்று நிரூபிக்க முடியாது. ஆகவே எங்கள் சார் அன்று சொன்னதில் எனக்கு ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. அந்தக் கோடு வெட்டும் இடம் தெரிந்திருந்தாலும் ஹீத் ஜெயித்திருப்பார் என்று சொல்வதற்கில்லை. பேட்டன்டில் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் ஜெயித்திருப்பார்.

இதை அவரிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள ஆசை. இனி அது முடியாது. இந்த முறை கூடலுக்கு வரும் உலோகவியல் மாணவத் தம்பி தங்கைகள் யாராவது அந்தக் கார்பைடு கணக்கைச் சரியான எண்களோடு போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். கார்பைடு பல உண்டு, எது முதலில் பிறக்கும் என்பதையும் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் லேப் வாசல் வேப்பமரத்தடியில்தான் இருப்பேன். தப்பு என்னுடையது என்றால் காப்பி என் செலவு.